தண்ணீருக்கடியில் ‘வா’

என் மனைவி ரங்கநாயகி இரண்டு பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினாள். ஒன்றில் மணப்பாறை முறுக்கு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மிச்ச இடத்தில் என் துணிமணி. இன்னொன்று காலி. காலிப் பெட்டிக்கும் ஒரு பூட்டு. “வரும்போது அவ சாமானெல்லாம் வெக்கறதுக்கு” என்றாள். திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்த காவலர், “என்ன சார், ஒண்ணுமே இல்லாத பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?” என்று கேட்டார். “பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன்” என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போங்க என்று கையைக் காட்டிவிட்டார்.

பெண் பெயர் கோதை. எங்களுக்கு ஒரே பெண். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள், மூன்று மாதம் லீவு என்று சொல்லி மலேசியாவுக்குப் போனாள். மூன்று மாதம் இரண்டு வருஷமாயிற்று. கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, முதுகில் சிலிண்டர் கட்டி மூழ்கச் சொல்லிக் கொடுக்கும் ஸ்கூபா பயிற்சியாளராகிவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டோம். போன மாதம், “ராஜா அம்பாட்ல வேலை கெடைச்சிருக்குப்பா. மூணு வருஷம். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்” என்றாள். அது இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது என்று செல்போன் வரைபடத்தில் கண்டுபிடித்தோம். ரங்கநாயகி அன்று சாப்பிடவில்லை.

நான் கொஞ்சம் முன்கோபக்காரன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஏர் பிரேக் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற வண்டியை நிறுத்துவதுதான் என் தொழில். பெற்ற பெண்ணை நிறுத்த முடியாதா என்ன என்று கிளம்பிவிட்டேன். அவளும் வாக்குவாதம் செய்யவில்லை. ஃபோனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நாலு நாள் என்கூட தண்ணிக்குள்ள வாங்கப்பா. அதுக்கப்புறமும் நீங்க ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா பெட்டியைத் தூக்கிட்டு உங்க பின்னாலயே வந்துடறேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்.” டாக்டரிடம் காட்டி உடம்புக்குச் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். விமானத்தில் ஏறுவதற்குத்தான் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

அவள் இருந்த தீவின் பெயர் பெர்ஹென்தியான். கோலாலம்பூரிலிருந்து பகல் பஸ்ஸில் நாட்டின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து படகு ஏற வேண்டும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஆழ்ந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மணி நேரம் போனதும் ஒரு சின்ன ஊரில் வண்டி நின்றது. வெளியே கொட்டை எழுத்தில் ‘பெர்ஹென்தியான் பஸ்’ என்று பலகை. ஆஹா, தீவுக்குப் போகும் பஸ் இங்கேதான் போலிருக்கிறது என்று இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நான் வந்த பஸ் போய்விட்டது.

அரைமணி நேரம் அந்தப் பலகைக்குக் கீழே நின்றேன். டாக்சி ஓட்டும் தமிழர் ஒருவர் வந்து, “எங்கண்ணே போவணும்?” என்று விசாரித்தார். பெர்ஹென்தியான் என்றேன், பலகையையும் காட்டினேன். அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “அண்ணே, பெர்ஹென்தியான்னா நிறுத்தம். இது பஸ் ஸ்டாப்பு. இந்த நாட்டுல தெருவுக்குத் தெரு இந்த போர்டு இருக்கு!”

அந்தக் காலத்தில் வியாபாரக் கப்பல்கள் நின்று இளைப்பாறிய தீவாம், அதனால் அந்தப் பெயர் என்று வழியில் விளக்கினார். பிரேக் போடுகிறவன் நிறுத்தம் என்ற ஊருக்குப் பெண்ணை நிறுத்தப் போகிறேன், போகிற வழியிலேயே நின்று தொலைத்தேன். அவர் என்னைக் குறுக்கு வழியில் கொண்டுபோய் அதே பஸ்ஸைப் பிடித்துக் கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

படகுத் துறையிலிருந்து தீவுக்கு முக்கால் மணி. அலைமேல் படகு எழும்பி எழும்பி விழுந்ததில் என் இடுப்பெலும்பு ஒவ்வொன்றாகத் தன் இருப்பைச் சொல்லிற்று. திருச்சி டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டை நான் இனி குறை சொல்ல மாட்டேன். கரையில் கோதை நின்றாள். வெயிலில் கறுத்து, தலைமுடி செம்பட்டையாகி, தோள் அகன்று, வேறு யாரோ போலிருந்தாள். “வாங்கப்பா” என்ற குரல் மட்டும் பழையது. ஆனால் அங்கே யாருக்கும் அவள் கோதை இல்லை. “கோ! கோ!” என்று நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள். முழுப்பெயர் வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையவில்லையாம். கோ என்றால் தமிழில் ராஜாவும் உண்டு, பசுவும் உண்டு என்று அவளிடம் சொன்னேன். “இங்க ரெண்டும் இல்லப்பா, மாடு மாதிரி ஒழைக்கறது மட்டும் உண்டு” என்றாள்.

மறுநாள் காலை அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். வரிசையாகச் சிலிண்டர்கள். எனக்கு உடனே கை பரபரத்தது. அளவுமானியைப் பார்த்தேன், இருநூறு காட்டியது. ரயில் பிரேக் குழாயில் ஐந்து கிலோ அழுத்தம்தான். ஐந்து கிலோவுக்கே நாங்கள் அப்படிப் பயந்து பயந்து வேலை செய்வோம். அதைப்போல நாற்பது மடங்கை என் பெண் முதுகில் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

“சோப்புத் தண்ணியும் ஒரு பிரஷ்ஷும் கொண்டா” என்றேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் காற்றுக் கசிவு பார்ப்பது அப்படித்தான். மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவுவோம், கசிந்தால் குமிழ் வரும். நானும் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டிருந்தேன். படகோட்டி ஹசான் அதை ரொம்ப நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் என்னவோ கேட்டார். கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். “இவ்ளோ பெரிய கடல் பக்கத்துல இருக்கே, அதுல முக்கினா குமிழ் வராதான்னு கேக்கறார்ப்பா.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை, பதினோரு சிலிண்டரையும் முடித்தேன். ஒன்றில் ரப்பர் வளையம் தேய்ந்து லேசாகக் குமிழ் விட்டது. ஹசான் வந்து அந்தக் குமிழைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கடை வாசலில் தானாக வந்து நின்றது.

அன்று முற்பகல் கழுத்தளவு தண்ணீரில் பாடம் தொடங்கிற்று. நீச்சல் எனக்குத் தெரியும், உய்யக்கொண்டான் வாய்க்காலில் பழகியது. இது அதுவல்ல. முதலில், மூழ்கும்போது முகத்தில் மாட்டும் கண்ணாடிக்குள் எச்சில் துப்ப வேண்டும் என்றாள். ஆவி படியாமல் இருக்குமாம். எச்சில் பட்ட டம்ளரைத் தனியாக வைக்கும் ஸ்ரீரங்கத்துக்காரி வயிற்றில் பிறந்தவள், அனாயாசமாகத் துப்பி, தேய்த்து, அலசி முகத்தில் மாட்டிக்கொண்டாள். நானும் துப்பினேன். அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு கை பாஷை. தண்ணீருக்குள் பேச முடியாதல்லவா? கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால், எல்லாம் சரி. கட்டை விரலைத் தூக்கினால், மேலே போகலாம். “யார் தூக்கினாலும் எல்லாரும் மேல வந்துடணும்ப்பா. ஏன்னு கேக்கக் கூடாது. அதான் மொத ரூல்.” நல்ல விதிதான். ஆனால் நம் பழக்கம் விடுகிறதா? கீழே ஒரு நீலப் புள்ளித் திருக்கை மீன் மணலை உதறிக்கொண்டு போனதும், பிரமாதம் என்று கட்டை விரலைத் தூக்கினேன். என்னை மேலே கொண்டுவந்துவிட்டாள். மறுபடி இறங்கினோம். கோமாளி மீன் ஒன்று தன் வீட்டு வாசலில் நின்று என்னை முறைத்தது. மறுபடி கட்டை விரல். மறுபடி மேலே. மூன்றாம் தடவை, “மேலே போகலாமா?” என்று சைகையில் கேட்டவளுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டலில் எது ஆமாம், எது இல்லை என்று கடல் கண்டதா?

தமாஷ் அதோடு முடிந்தது. சாயந்தரம் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் எரிந்தது. கோதை நாலு கஜ தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ‘வா, வா’ என்று கையைக் காட்டினேன். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிடுவோமே, அப்படி. அவள் வரவில்லை. மேலும் அவசரமாகக் கூப்பிட்டேன். அவள் பதிலுக்கு விரல் வட்டம் காட்டி, அங்கேயே சாவதானமாக மிதந்தாள். நான் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றேன். அப்பன் கூப்பிடக் கூப்பிடப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்ற ஆத்திரத்தில் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினேன்.

“கூப்பிட்டேனே, கண்ணு தெரியலையா ஒனக்கு?”

“நீங்க எங்கப்பா கூப்பிட்டீங்க? ‘மெதுவா, பதறாத, அங்கயே இரு’ன்னுதான சொன்னீங்க.”

உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மேலும் கீழும் அசைத்தால், ஸ்கூபாக்காரர்களுக்கு அதுதான் பொருளாம். “அடியே, திருச்சியில அதுக்கு ‘வா’ன்னுடி அர்த்தம். பொறந்ததுலேர்ந்து அந்தக் கைக்குத்தானே ஓடி வந்தே?” என்று கத்தினேன்.

கோதை என் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரை வடித்தாள். “தண்ணிக்குள்ள நான் திருச்சிக்காரி இல்லப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. வந்த வேலை முடியாது என்று அப்போதே தோன்றிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, சம்பல் என்ற மிளகாய்த் துவையல். மண்ணச்சநல்லூர் பொன்னி தின்று வளர்ந்த வாய்க்கு அந்தச் சோறு கொஞ்சம் ஒட்டிற்று, ஆனால் சம்பல் உறைப்பில் நம்மை மிஞ்சிவிட்டார்கள். எதிரே யான் என்ற ஹாலந்துக்காரர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு ஒரு கடல் என்று மூழ்கி வருகிறார். உலகத்தில் மூழ்குவதற்கு எது உசத்தியான இடம் என்று அங்கே எந்த மேஜையிலும் அதே பேச்சு. சுவரில் ஒரு பெரிய உலகப் படம், அதில் குண்டூசி குத்திய ஊர்கள். யான் எழுந்து போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

“எகிப்துப் பக்கம் செங்கடல். போரில் மூழ்கிய கப்பலுக்குள் மோட்டார் சைக்கிள்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத் திட்டு, அது ஒரு ஆயுள் போதாது. பெலீஸில் கடல் நடுவே ஒரு கிணறு, கருநீலம், எட்டிப் பார்த்தால் அடியே தெரியாது. காலபகோஸில் சுத்தியல் தலைச் சுறாக்கள் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலே போகும்.”

எனக்கு வந்த வேலை மறந்துபோயிற்று. மாலத்தீவில் என்ன, பலாவுவில் என்ன, அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். யான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு என்று நானும் சொன்னேன். பெருமாள் இருக்கும் நூற்றெட்டுத் திருப்பதிகள். வாழ்நாள் முழுக்க ஒவ்வொன்றாகப் போய் எண்ணிக்கொண்டு வருவார்கள். நூற்றாறைத்தான் இந்த உடம்போடு பார்க்க முடியும், மற்ற இரண்டும் பூமியில் இல்லை. அதில் ஒன்று கடல், பாற்கடல்.

“அதில் முதலாவது எது?” என்று யான் கேட்டார்.

“ஸ்ரீரங்கம். என் மனைவி ஊர். அதுவும் ஒரு தீவுதான்.”

யான் கோதையைப் பார்த்தார். “நீயும் தீவுக்காரிதானா? சொல்லவே இல்லையே!” கோதை தட்டைப் பார்த்துக்கொண்டு புன்னகை செய்தாள். அப்புறம் யான் கிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு குண்டூசியைத் தொட்டார். “நான் இன்னும் போகாதது இது. எல்லாரும் கடைசியில் இங்கேதான் போக ஆசைப்படுகிறார்கள். பூமியில் வேறெங்கும் இத்தனை வகை மீன் ஒரே இடத்தில் இல்லை என்கிறார்கள். ராஜா அம்பாட்.”

மூன்றாம் நாள் ஆறு ஆள் ஆழத்துக்குப் போனோம். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினால் பட்டென்று திறந்தது. அங்கே சத்தமே இருக்காது என்று நினைத்திருந்தேன். அது தவறு. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்துத் தின்னும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது, நடு ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து மணப்பாறை முறுக்குத் தின்பது போல. ஒரு ஆமை புல் மேய்ந்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, இவன் எந்த ஊர் என்று கேட்காமல் போயிற்று.

அன்றைய பாடம், காற்றுத் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது. கூட வருகிறவரிடம் ஒரு வாய்க்குழாய் உபரியாகத் தொங்கும். அதை வாங்கி நம் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கழுத்தில் கை வைத்து ‘காற்று இல்லை’ என்று காட்டினேன். கோதை தன் குழாயை நீட்டினாள். வாங்கி, வாய் வைக்கும் இடத்தைப் பெருவிரலால் இரண்டு தடவை நன்றாகத் துடைத்தேன். தண்ணீர்ப் பாட்டிலை அண்ணாந்து குடித்தே பழகிய கை, அதுவாகச் செய்துவிட்டது. எதிரே கோதையின் வாயிலிருந்து குமிழாகக் கொட்டிற்று. தண்ணீருக்கடியில் ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். “சுத்திக் கடல் முழுக்க தண்ணி, நீங்க எதைத் தொடைச்சீங்க?” என்று கரைக்கு வந்தபின் கேட்டாள்.

அன்று ரங்கநாயகி வீடியோ காலில் வந்தாள். “பெட்டி கட்டியாச்சா?” என்றுதான் முதல் கேள்வி. நாளை ஒரு நாள் இருக்கிறது என்றேன். “நீங்க அங்க மீன் பாத்து மயங்கிட்டு நிக்காதீங்க. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பொறந்தவ நானே, கால் நனைச்சதோட சரி. இவளுக்கு எதுக்குங்க இந்தக் கடல்?” என்றாள். நியாயமான கேள்விதான்.

நாலாம் நாள் போன இடத்துக்குத் தொக்கோங் லாவுட் என்று பெயர். கடல் கோயில் என்று அர்த்தமாம். ஹசான் படகை நிறுத்தியபோது வெறும் பாறை முனை ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கினோம். கோதை முன்னே, நான் நடுவே, யான் பின்னே. கீழே பார்த்தேன். எங்கள் மலைக்கோட்டையைக் கடலுக்குள் நட்டு வைத்தாற்போல் அந்தப் பாறை இறங்கிக்கொண்டே போயிற்று. சுற்றிலும் மஞ்சள் மீன்கள் பிரதட்சணம் வந்தன. அடுக்கடுக்காகப் பவளம், விசிறி விசிறியாகச் செடி போன்ற உயிர்கள். நான் மூச்சு விட மறந்தேன். அப்புறம் ஞாபகம் வந்து மூச்சு விட்டேன்.

பாறையின் மறுபக்கம் திரும்பியதும் நீரோட்டம் தள்ளிற்று. தடுமாறிய யான் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பு என் முகத்தில் பட்டு, கண்ணாடி நகர்ந்து தண்ணீர் நிறைந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. மூக்கில் உப்பு ஏறிற்று. மேலே போக வேண்டும், இந்தக் கணமே போக வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படி விருட்டென்று ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று அவள் மூன்று நாளாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் காலை உதைத்தேன்.

என் மார்புப் பட்டையை ஒரு கை பிடித்தது. இரும்புப் பிடி. ஏற விடவில்லை, இறங்கவும் விடவில்லை. இன்னொரு கை என் வாய்க்குழாய் கழன்றுவிடாமல் அழுத்திக்கொண்டது. கண்ணாடியைத் தூக்கிச் சரி செய்தாள். மூக்கால் ஊதினேன், தண்ணீர் வடிந்தது. அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் தெரிந்தது. அதில் பயம் இல்லை, கோபம் இல்லை, அப்பா என்ற பதற்றம்கூட இல்லை. வேலை தெரிந்தவர்களின் முகம் அது. ஒர்க்ஷாப்பில் நல்ல கைகள் சிலரிடம்தான் அதைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையைக் கீழே வைத்து மெல்ல மேலும் கீழும் அசைத்தாள். மெதுவா. பதறாத. இங்கயே இரு. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டேன். மேலே போகலாமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம், எல்லாம் சரி என்று விரல் வட்டம் காட்டினேன். இன்னும் கால் மணி நேரம் அந்தக் கோயிலைச் சுற்றினோம். அவள் கை என் பட்டையை விட்டு நகரவே இல்லை.

மேலே வரும் வழியில் மூன்று ஆள் ஆழத்தில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். உடம்பில் சேர்ந்த காற்று வெளியேறுவதற்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். யான் தள்ளி நின்று மீன் பார்த்தார். கோதை இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் சிலேட்டை எடுத்தாள். தண்ணீருக்குள் எழுத என்று வைத்திருப்பது. எழுதி என் பக்கம் திருப்பினாள். இரண்டு வருஷமாக அவள் கையெழுத்தில் தமிழ் பார்த்திருக்கவில்லை.

‘நாலு நாள் ஆச்சு. வரணுமாப்பா?’

எல்லாவற்றையும் மூன்று நிமிஷத்தில் நினைத்தேன். ரங்கநாயகியை, காலிப் பெட்டியை, சுவரில் இருந்த குண்டூசியை. முப்பத்தாறு வருஷம் நான் வண்டிகளுக்குப் பிரேக் பார்த்தது அவை நின்றே கிடப்பதற்கு அல்ல, பத்திரமாக ஓடுவதற்கு. இது ஏன் எனக்கு வீட்டில் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. பென்சிலை வாங்கவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல மேலும் கீழும் அசைத்தேன்.

கோதை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்து மேலே வந்தோம். வாய்க்குழாயைக் கழற்றின உடனே கேட்டாள். அலையில் ஏறி இறங்கிக்கொண்டே, குரல் உடையக் கேட்டாள்.

“அப்பா, கீழ கை காட்டினீங்களே... அது நம்மூர் பாஷையா, இந்த ஊர் பாஷையா?”

“ஒன் பாஷைதாம்மா” என்றேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேர் முதுகிலும் சிலிண்டர் இருந்ததால் சரியாகக் கட்டிக்கொள்ள முடியவில்லை. படகிலிருந்து ஹசான் எட்டிப் பார்த்து, காற்று கசிகிறதா என்று கேட்டார்.

திருச்சி விமான நிலைய வாசலில், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகி நின்றிருந்தாள். மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள், பெண்ணுக்கு. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரோ ஒரு குடும்பம் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்தது. அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து என்ன சொல்வது? இரண்டு பெட்டியையும் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தேன். மெதுவா. பதறாத. அங்கயே இரு.

அவள் அங்கேயே இருக்கவில்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். வந்தவள் ஒன்றும் கேட்காமல் காலிப் பெட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். போன கனம்தான் இருந்தது.

“எப்படி இருக்கா?” என்றாள். விரலை வட்டமாகச் சேர்த்துக் காட்டினேன்.

“இது என்ன புதுசா? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“தண்ணிக்குள்ள எனக்கு உசுரே போற மாதிரி ஆயிடுச்சு, ரங்கா. அவ கையில பிடிச்சு வெச்சிருந்தா. பத்திரமா வெச்சிருந்தா” என்றேன். ரங்கநாயகி பூப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, காலிப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்க்க நடந்தாள்.